உங்கள் அம்மை பார்த்தது என்னை

ஜெபா, சாம்... நான் உங்களிடம் பொய் சொன்னேன். நம் கூடத்தில் மாட்டியிருக்கும் அம்மையின் ஓவியத்தைப் பற்றிய பொய்!

அதில் அவள் கண்கள் நேராகப் பார்ப்பதில்லை, ஓரமாய் விலகியிருக்கின்றன. யாரைப் பார்க்கிறாள் என்று சின்ன வயதில் நீ கேட்டாய், ஜெபா.

"வாசலப் பாக்கா மக்ளே, நீங்க பள்ளிக்கூடம் விட்டு வாறியளான்னு" என்றேன்.

"இல்ல ஏட்டி, அடுப்படியப் பாக்கா. மீன் கரியுது, ஓடு!" என்று சாம் உன்னைக் கேலி செய்தான். நானும் சிரித்தேன்... எப்படிச் சிரித்தேன்?

புதுக்கடை ஸ்டுடியோவில் பாஸ்போர்ட்டுக்கு எடுத்து, கண் விலகிவிட்டதென்று தள்ளிய போட்டோ அது. சரியான படம் பாஸ்போர்ட்டோடு போயிற்று. தள்ளியதைத்தான் ஓவியரிடம் கொடுத்தேன்.

அன்று ஸ்டுடியோ விளக்குக்குப் பக்கத்தில் நான் நின்றேன். வளைகுடாவில் வீட்டுவேலைக்குப் போக அவளுக்கு மனமில்லை.

"என்னய அனுப்பாதிங்க. எனக்க பிள்ளியள விட்டுட்டு எப்படி இருப்பேன்?"

"மிண்டாம இரி! அழுதா படம் கெட்டுப்போவும்" என்று அதட்டினேன்.

மரத்திலிருந்து விழுந்து என் இடுப்பு போயிருந்தது. வீடு பாதியில் நின்றது. இதெல்லாம் காரணமா? காரணம்தான்... ஆனாலும்! பிளாஷ் வெட்டிய நொடியில் அவள் கண்ணால் கடைசியாய் ஒருமுறை கெஞ்சினாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

போனவள் பெட்டியில்தான் வந்தாள்.

போன வாரம், வெளிநாட்டு நர்ஸ் வேலை கிடைத்த சந்தோஷத்தில் அந்த ஓவியத்தின் முன் நின்றாய், ஜெபா.

"அம்மைக்க வாயப் பாருங்கப்பா, எப்படி இறுக்கி வச்சிருக்கா! என்ன தைரியம்! அம்மையே போனா, எனக்கு என்ன பேடி, என்ன பயம்?"

அப்போதும் உண்மையை மறைத்தேன். அது தைரியமல்ல, மகளே... அழுகையை அடக்கிய உதடு! பயந்து, கெஞ்சி, கேட்பாரில்லாமல் போனவள் உன் அம்மை. போவதும் இருப்பதும் உன் விருப்பம். என் பொய்யை நம்பி மட்டும் போகாதே!

மன்னிப்பு கேட்கலாமா? யாரிடம் கேட்கவேண்டுமோ, அவள் சுவரில் இருக்கிறாள்.

இன்று காலை நீங்கள் இருவரும் ஆலயத்துக்குப் போன பிறகு, ஓவியத்துக்கு நேர் கீழே கிடந்த என் நாற்காலியைத் தூக்கினேன். இத்தனை காலமும் அதை அங்கேதான் போட்டிருந்தேன். அவள் பார்வை படாத இடம். வாசலோரம், அவள் கண் விழும் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தேன். தலையைத் திருப்பாமல் ஏறிட்டுப் பார்த்தேன்.

அவள் இன்னும் கெஞ்சிக்கொண்டுதான் இருந்தாள்.