உப்புப் போட்டது நேற்றா, இன்றா?

அன்று பள்ளிவாசல் சமையல் கொட்டிலில் இருந்தவர்கள் நாலு பேர்: நான், எனக்கு உதவிக்கு நின்று, அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் லத்தீப், பள்ளித் தலைவர், பாண்டிருப்பிலிருந்து தேங்காய் கொண்டுவந்த கந்தசாமி. கிடாரத்தில் நோன்புக் கஞ்சி கொதித்தது. பின்னேர அஸர் தொழுகை முடிந்து, கல்முனைச் சனம் வாளிகளோடு வாசலில் கூடத் தொடங்கிவிட்டது.

நான் உப்புப் போட்டேனா?

முந்தின வெள்ளிக்கிழமை மறதியில் இரண்டு தரம் போட்டிருந்தேன். "இன்னொருக்கா கடல்தண்ணி காச்சினா வேற ஆள் பாப்பன்" என்று தலைவர் சொல்லியிருந்தார். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு யார் வேலை தருவார்? நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பலாம், நோன்பு முறியாது என்று மௌலவி சொன்னதுதான். துப்ப மறந்து விழுங்கிவிட்டால்?

கண்ணை மூடினேன். உப்பை அள்ளுகிறேன், வாசலால் ஒரு ட்ரக்டர் போகிறது. படம் போலத் தெரிந்தது.

"போட்டுட்டன்டா. ட்ரக்டர் போகக்குள்ள."

"காக்கா, ட்ரக்டர் போனது நேத்து," என்றான் லத்தீப். "தூசு விழுது எண்டு நீங்கதானே ஏசின."

"அப்ப இண்டைக்கு?"

"உப்பு உங்கட பொறுப்பு. நான் இஞ்சி மட்டும்தான்."

தலைவர் தாடியைத் தடவினார். "இண்டைக்குப் போட்ட உப்பு ஞாபகமில்ல. போன வெள்ளிக்கிழம நான் ஏசினது மட்டும் சொல்லுக்குச் சொல்லு ஞாபகமிருக்கும்!"

உண்மைதான். மனதில் தைத்த சொல் ஒரு தரம் கேட்டாலே தங்கிவிடும். தினமும் கை செய்கிற வேலையை மனம் எடுத்து வைப்பதில்லை. ஒரு நோன்பின் உப்பு மற்ற நோன்பின் உப்போடு கரைந்துவிடுகிறது.

அள்ளிய இடத்தில் நின்றால் நினைவு வரும் என்று உப்புச் சாக்கடியில் போய் நின்றேன். வியர்வைதான் வந்தது.

கந்தசாமி இருமினார். "காக்கா, எனக்கு நோன்பில்லயே. ஒரு கரண்டி தாங்களன்."

இவ்வளவு நேரமும் அவர் எங்கள் நடுவில்தான் நின்றார். பதற்றம் கண்முன் நிற்கும் ஆளையும் மறக்கடித்துவிடும்.

ஊதி ஊதிக் குடித்தார். "பச்சத்தண்ணி மாதிரிக் கிடக்கு. உப்பே இல்ல."

போட்டுக் கலக்கி, மறுபடி கொடுத்தேன்.

"இப்ப சரி போலதான். இன்னொரு கோப்பை தந்தா நிச்சயமாச் சொல்லுவன்."

வேலை தப்பியது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உப்புப் போடும்போது, அன்றைக்கு மட்டும் உரிய ஒன்றைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து அதைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். மனம் பிடித்துக்கொள்ளும். போன நோன்பில் ஒரு நாள், "இண்டைக்குத் தலைவர்ர சாரன் பின்னால கிழிஞ்சிருக்கு" என்று சொல்லிப் போட்டேன். திரும்பினால் தலைவர் நிற்கிறார்.

அந்த உப்பை மௌத்தாகும்வரை மறக்கமாட்டேன்.