பக்கத்து கம்பெனியிலும் அடித்த மணி

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். பனியன் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்த புதிதில், டீ நேர மணியை ஆபீசிலிருந்தே அடிக்க ரிமோட் ரிலே மாட்டினேன். எங்கள் ஆட்களிடம் சொல்லிவிட்டுச் சோதனைக்காகப் பொத்தானை அமுக்கினேன். சுவருக்கு அப்பால் பக்கத்து கம்பெனி மணியும் சேர்ந்து அடித்தது. அங்கும் இதே ரிலே. எந்த ரிமோட்டுக்கு எந்த மணி என்று பிரிக்கிற கோட் நம்பரை, கடையில் வந்தபடியே நான் மாற்றாமல் விட்டிருந்தேன்.

அன்று அவர்களுக்கு ஷிப்மென்ட். டீ நேரமென்று டைலர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அவர்களுடைய சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"ஏந்தம்பி, நீங்க மணியடிச்சா எங்க லைன் நிக்கோணுமா? வாங்க, உங்க மொதலாளிகிட்டயே பேசிக்கலாம்."

"என் தப்புதானுங்க" என்றேன். வேலை போய்விட்டதென்றே நினைத்தேன்.

முன்பின் தெரியாத ஒரு டைலர் அக்கா குறுக்கே வந்தார். "விடுங்கண்ணா, தம்பி புண்ணியத்துல முதுகு நிமுந்துச்சு. டீ இல்லாட்டிப் போகுது, இதையே எங்க டீ டைமா வெச்சுக்கறோமுங்க."

மற்றவர்களும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். சூப்பர்வைசர் முனகியபடி திரும்பினார்.

நான் கோட் நம்பரை மாற்றி முடித்தபோது அவர்களுடைய உண்மையான டீ மணி அடித்தது. சுவருக்கு அப்பால் ஒரு மிஷின்கூட நிற்கவில்லை.

இன்றும் அந்த வேலையில்தான் இருக்கிறேன். என் சம்பளத்தில் அவர்கள் அன்று குடிக்காத டீயும் சேர்ந்திருக்கிறது.