பெட்டி இல்லாமல் வந்த மெசின்

உங்கள் ஊரில் நெல்லை எங்கே காய வைப்பீர்கள்? எங்கள் உருத்திரபுரத்தில் தார் ரோட்டில்தான். பாதி ரோடு வாகனத்துக்கு, பாதி ரோடு நெல்லுக்கு.

போன வாரம் பக்கத்து வீட்டு யோகமக்காவும் அப்படித்தான் பரப்பியிருந்தார். இந்தப் போகத்தில் அவருக்குக் கிடைத்த முழு நெல்லும் அதுதான். மத்தியானம் இரணைமடுப் பக்கம் திடீரென்று கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் முளைக்கும். முளைத்த நெல்லை எந்த முதலாளி வாங்குவார்?

விவசாயிகள் சங்கத்து உழவு மெசின் ஓட்டுகிற ரவிக்கு, மூட்டைகளை வீட்டுக்கு ஏற்ற வரச் சொல்லி போன் போட்டோம். "இந்தா வாறன் அக்கா... அள்ளிக் கட்டி வையுங்கோ" என்றான். அள்ளினோம், மூட்டை கட்டினோம், காத்திருந்தோம்... ஆளைக் காணோம்.

சந்தியில் பொலிஸ் மறித்துவிட்டது. மெசினில் ஒரு பிழையும் இல்லை. பிழை, பின்னால் இழுத்து வந்த பெட்டியில். சட்டப்படி பெட்டியும் ஒரு வாகனம் – தனி நம்பர், தனி லைசென்ஸ், தனி இன்சூரன்ஸ். எங்கள் சங்கத்திலோ மூன்று மெசின், மூன்று பெட்டி. காலையில் வருகிறவர், பக்கத்தில் நிற்கிற பெட்டியைக் கொழுவிக்கொண்டு போய்விடுவார். இந்தப் பெட்டியின் பத்திரங்கள் அன்றைக்கு வேறொரு மெசினோடு பூவரசங்குளத்தில் நின்றன.

அந்தந்தப் பெட்டியோடு அதன் பத்திரமும் போக வேண்டும் என்று சங்கத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். "பெட்டிக்கு என்னத்துக்கு அண்ணை பத்திரம்? அது தன்ர பாட்டில ஓடுதே?" என்று சிரிப்பார்கள். இனிச் சிரிக்கட்டும் பார்ப்போம்.

பொலிஸ்காரர் நல்ல மனிதர். அவசரத்தைக் கேட்டுவிட்டு, "பெட்டியைக் கழட்டி வைச்சிட்டு மெசினைக் கொண்டு போங்கோ" என்று விட்டுவிட்டார். இந்த ரவியும் அப்படியே கழற்றி வைத்துவிட்டு வந்து நிற்கிறான்!

"பெட்டி எங்கயடா?" என்றார் யோகமக்கா.

"சந்தியில நிக்குது அக்கா."

"நெல்லை மழைக்கு மூடுற படங்கு?"

"அது... பெட்டிக்குள்ள."

பெட்டி இல்லாத மெசினில் எதை ஏற்றுவது? தலையிலும் தோளிலும் சுமந்துகொண்டு வீட்டுக்கு ஓடினோம். பாதி மூட்டை போவதற்குள் மழை கொட்டியது. மிச்சப் பாதி நனைந்து ஊறியது. யோகமக்கா ரோட்டிலேயே குந்திவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தை யாரில் காட்டுவது? சட்டத்திலா, சங்கத்திலா?

மழை விட்டதும் ரவி பெட்டியை எடுத்து வரப் போனான். திரும்பி வந்து, தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்:

"பொலிஸ் ஐயா எங்கட படங்கைத்தான் போத்துக்கொண்டு நிக்கிறார் அக்கா. ஒரு சொட்டும் நனையேல்லை."

படங்குக்குப் பத்திரம் தேவையில்லை போலிருக்கிறது.