கொலுவில் ஏறிய பவளம்

எங்கள் வீட்டில் முட்டைகூட வாசற்படி தாண்டாது. அப்படிப்பட்ட சைவக் குடும்பத்தில் பிறந்துவிட்டு, ஆழ்கடல் பவளத்தையும் அதை அண்டி வாழும் மீன்களையும் ஆராயப் போனேன். கடல் ஆராய்ச்சி என்றதும் அம்மா நினைத்தது, திருச்செந்தூர்க் கடற்கரையில் நின்று அலையைப் பார்த்துக் குறிப்பெழுதும் வேலை என்று. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து நான் மீன் வாடையோடு திரும்பிய முதல் நாளே அந்த நினைப்பில் மண் விழுந்தது. அன்றிலிருந்து ஒரு சட்டம். பின்வாசல் வழியாக வரவேண்டும், குழாயடியில் தலைக்குக் குளிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அடுப்படி. காய்ச்சல் என்றாலும் விலக்கு கிடையாது.

ஐந்தாம் வருடம், என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் ஒரே ஒரு பவளத் துண்டுக்காகக் காத்துக் கிடந்தது. நல்ல தடித்த அடித்தண்டு வேண்டும். மரத்தைப்போல அறுத்தால் உள்ளே வளையங்கள் தெரியும், அதை எண்ணி வயது சொல்லலாம். வயது தெரிந்தால்தான், அழிந்தால் திரும்ப வளர எத்தனை காலம் ஆகும் என்று கணக்கிட்டு, அந்த இடத்தில் வலை இழுக்கலாமா கூடாதா என்று நான் வாய் திறக்க முடியும். அது இல்லாமல் பட்டம் இல்லை. கடைசியில் ஒரு விசைப்படகின் வலையில் ஒன்று சிக்கியது. வலையைக் கிழித்துவிட்ட சனியன் என்று படகுக்காரர் வைதுகொண்டே கொடுத்தார். நான் கைக்குழந்தையை வாங்குவதுபோல வாங்கினேன். சனிக்கிழமை சாயங்காலம், ஆய்வகம் பூட்டியாயிற்று. பதிவுசெய்து, சீட்டுக் கட்டி, துண்டில் சுற்றி, வீட்டு மாடியில் கொலுப் பொம்மைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் மிச்ச வேலைக்காகத் திரும்பவும் தூத்துக்குடி போனேன். புத்தி உள்ளவள் போயிருக்க மாட்டாள்.

ஞாயிறு மாலை வந்தபோது கூடத்தில் கொலு வைத்தாயிற்று. கீழ்ப்படியில் திருச்செந்தூர். நீலச் சேலைதான் கடல், முன்னால் மணல், நடுவில் முருகன். முருகனுக்குப் பக்கத்தில் மணலில் நட்டபடி என் பவளம். காலையில் வெள்ளையாக இருந்தது, இப்போது வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயிண்டில் பளபளத்தது.

கிட்டே போய் மோந்து பார்த்தேன், பெயிண்டேதான். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பவளம்னா செவப்பா இருக்க வேண்டாமாட்டி? இது சோகை பிடிச்ச கணக்கா வெளிறிப்போய்க் கெடந்துது. புளி போட்டுத் தேச்சுப் பாக்கலாம்னுதான் நெனச்சேன். இருந்த புளி குத்துவிளக்குக்கே சரியாப் போச்சு."

புளி பட்டால் பவளம் கரையும். என் ஐந்து வருடப் படிப்பைக் காப்பாற்றியது எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு.

பாளையங்கோட்டையில் இருந்த என் வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் செய்து ஒப்பாரி வைத்தேன். அவர் இருமிக்கொண்டே இருந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பெயிண்ட் மேலே, வளையம் உள்ளே, சுரண்டாமல் அப்படியே எடுத்து வா என்றார்.

எடுக்க அம்மா விட்டால்தானே. கொலுவில் வைத்த பொம்மையை நடுவில் எடுத்தால் வீட்டுக்கு ஆகாதாம். இது பொம்மை இல்லை என்றேன். படியேறிவிட்டால் எல்லாம் பொம்மைதான் என்றாள். ஆகவே என் கடைசி அத்தியாயம் ஒன்பது நாளும் சுண்டல் வாங்க வந்தவர்களுக்குக் காட்சி கொடுத்தது. எதிர்வீட்டு அத்தை அதற்குக் குங்குமம் வைக்கப் பார்த்தாள். யாரும் தொட்டுவிடக் கூடாதென்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். படித்த பெண்ணுக்கு எவ்வளவு பக்தி என்று தெருவே மெச்சியது.

விஜயதசமிக்கு மறுநாள் அறுத்தோம். வளையங்கள் அச்சுக் குலையாமல் இருந்தன. எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போனது. எங்கள் பாட்டன் பூட்டனுக்கெல்லாம் மூத்தது அது. ஆனால் ஆய்வேட்டில் பொய் எழுத முடியாதே. மாதிரியின் வெளிப்பரப்பில் சிவப்பு எனாமல் பூச்சு காணப்பட்டது என்று ஒரு வரியை, யார் கண்ணிலும் படாது என்ற நம்பிக்கையில் எழுதிவைத்தேன்.

பட்டது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், அத்தனை பக்கம் இருக்க, நேராக அந்த வரியில் விரலை வைத்தார். இந்தப் பூச்சு எந்த ஆய்வு முறையைச் சேர்ந்தது, பூசியது யார் என்று கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை. பேராசிரியர் குனிந்து செருப்பைப் பார்த்தார். பட்டம் போயிற்று என்றே நினைத்தேன்.

பார்க்க வந்தவர்களின் கடைசி வரிசையில் பலகாரப் பொட்டலங்களை மடியில் வைத்திருந்த அம்மா எழுந்தாள். நாலு பேர் கூடிய இடத்தில் வாயே திறக்காதவள்.

"நாந்தான்யா அடிச்சேன். எம் மக கடலுக்கு அடியில கெடந்து கொண்டாந்தது, ஊரு பாக்கட்டும்னு வச்சேன். அவ மேல தப்பு இல்ல. மார்க்கக் கொறச்சிராதிய."

முனைவர் பட்டத்துக்கு மார்க்கே கிடையாது. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எத்தனை பூச்சு என்று கேட்டார்.

"ரெண்டு," என்றாள் அம்மா. அவர் குறித்துக்கொண்டார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, அடுத்த கேள்வி காதில் விழவே இல்லை. பட்டம் கிடைத்தது. சின்னத் திருத்தங்கள் செய்து தரச் சொன்னார்கள். திருத்திய பிரதியில் அந்த வரியை முழுசாக எழுதினேன்: சிவப்பு எனாமல், இரண்டு பூச்சு, பூசியவர் ஆய்வாளரின் அம்மா.