பலேர்மோவின் சீசாவில் ஒரு கோழிக்கால் எஞ்சினும் என் பித்தளை விளக்கும்

போன ஒக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, இங்கே இத்தாலியில், ஏழு வருடங்களுக்குப் பிறகு பலேர்மோவுக்குப் போய் வந்தேன். அந்த ஊரில் இனிக் கால் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டுக் கத்தானியாவில் மகனோடு வந்து இருந்தவள் நான். பழைய சிநேகிதி றோசலினின் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். நீங்கள் வராவிட்டால் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற விடமாட்டேன் என்று போனில் அழுதாள். அதனால் போனேன். போனது பிள்ளைக்காக, எழுதுவது வேறொன்றுக்காக. கண்டதை நெஞ்சு இன்னும் நம்பவில்லை.

ஏன் போகாமல் இருந்தேன் என்பதைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். பலேர்மோவில் ஆறு வருடம் வயதான ஒரு சிஞ்ஞோராவை, இத்தாலிய வீட்டு அம்மாவை, பார்த்துக்கொண்டேன். அவருடைய தாத்தாவை நொன்னோ என்பார். விமானம் என்ற சாமானே உலகத்துக்குப் புதிதாக இருந்த காலத்தில் நொன்னோ சொந்தக் கையால் எஞ்சின் செய்து பறந்தவராம். எலுமிச்சந் தோட்டத்துக் கொட்டிலில் எஞ்சின் வார்த்தாராம், கடற்கரையில் பறந்தாராம், ஆமணக்கெண்ணெய் மணத்தோடு வீட்டுக்கு வருவாராம். நான் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு வெங்காயம் வெட்டுவேன். ஒரு சொல்லையும் நம்பியதில்லை. ஆமணக்கெண்ணெய்க்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?

நொன்னோவின் ஞாபகமாக அந்த வீட்டில் ஒரு பித்தளைக் கிண்ணம் இருந்தது. உள்ளங்கை அளவு, ஒரு பக்கத்தில் சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். நான் அதை விளக்கு என்றே எடுத்துக்கொண்டேன். கிண்ணத்துக்குள் எண்ணெய், குழாய்க்குள் திரி, வேறு எதற்கு அப்படி ஒன்றைச் செய்வார்கள்? பழப்புளி போட்டு மினுங்கத் தேய்த்து, ஒலிவ் எண்ணெய் விட்டு, மாதா படத்துக்கு முன்னால் ஏற்றினேன். சிஞ்ஞோரா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண் கலங்கி, "ஏற்று, ஏற்று, நொன்னோவுக்குப் பிடிக்கும்" என்றார். அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் இரண்டு பேரும் அதற்கு முன்னால் செபமாலை சொன்னோம். அவர் இத்தாலியனில், நான் தமிழில்.

ஒரு கோடையில் அந்தக் கிண்ணம் காணாமற்போனது. சிஞ்ஞோராவின் மகள் வந்து என் பையைக் கட்டிலில் கொட்டினாள். மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். சிஞ்ஞோரா கதிரையில் இருந்தபடி சன்னலைப் பார்த்தாரே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றே வெளியேறினேன். அடுத்த ஞாயிறு கோயில் முற்றத்தில், அத்தனை சனத்துக்கு நடுவில் றோசலின் கேட்டாள்: "எடுத்திருந்தாக் குடுத்துவிடுங்கோவன் அக்கா, எங்கட சனத்துக்கெல்லாம் வேலை போகப்போகுது." அன்று அவள் கட்டியிருந்தது மாம்பழக் கரை வைத்த பச்சைச் சேலை. அதற்குப் பிறகும் அவள் போன் எடுப்பாள், நான் பதில் சொல்லுவேன். சேலையை மட்டும் மறக்கவில்லை.

இனிப் பயணம். கத்தானியாவில் இருந்து பலேர்மோவுக்கு ஏறக்குறைய இருநூறு கிலோமீற்றர். பஸ்ஸில் இரண்டே முக்கால் மணித்தியாலம், எனக்குப் பதினான்கு யூரோ. வலது பக்கச் சன்னல் பிடியுங்கள், கடைசி அரை மணித்தியாலம் கடலோடு போகலாம். அன்று குளிர்காலத்துக்காக மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளும் நாள் என்பதை மகன் சொல்ல மறந்தான். ஒரு மணித்தியாலம் முந்திப் போய்க் குளிரில் நின்றேன். இதையும் ஞாபகத்தில் வைத்திருக்கிறேன்.

றோசலின் புகையிரத நிலையத்தடியில் நின்றாள். மெலிந்துவிட்டாள். கபோ சந்தைக்குக் கூட்டிப்போய்க் கடலைமாப் பொரியல் வைத்த பாண் வாங்கித் தந்தாள். சாப்பிடும்போதுதான் கதையை எடுத்தாள்.

"அக்கா, உங்கட சிஞ்ஞோராவின்ரை நொன்னோ செய்த எஞ்சினை இப்ப சீசாவிலை பாக்க வைச்சிருக்கினம். ஞானஸ்நானம் நாலு மணிக்குத் தானே. ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவம்."

"அந்த மனுசி சொன்னது மெய்யோ?"

"நேரை வந்து பாருங்கோவன்."

வீட்டில் விசேசத்தை வைத்துக்கொண்டு இவளுக்கு எஞ்சின் பார்க்க என்ன ஆசை என்று யோசித்தேன். ஆனாலும் கிழவி பொய் சொன்னதைக் கண்ணால் பார்த்துவிடும் ஆசை எனக்கு இருந்தது. கபோவில் இருந்து சீசாப் பகுதிக்கு நடந்தால் இருபது நிமிடம். மாடிவீடுகளுக்கு நடுவில் பழைய தொழிற்சாலைக் கொட்டகை ஒன்று, அதற்குள்தான் வைத்திருக்கிறார்கள். நுழைவு ஐந்து யூரோ, வயது போனவர்களுக்கு மூன்று. றோசலின் என்னைப் பை திறக்க விடாமல் இரண்டு பேருக்கும் தானே கொடுத்தாள். அவளை அறிந்தவர்களுக்கு அதுவே பெரிய அதிர்ச்சி.

உள்ளே கால் வைத்ததும் மூக்கில் அடித்தது ஆமணக்கெண்ணெய். அப்படியே நின்றுவிட்டேன். வழிகாட்டியாக வந்த பெண், நகத்துக்குள் கறுப்புப் படிந்தவள், எஞ்சின் கழுவுகிறவள் போலும், சிரித்துக்கொண்டு விளக்கினாள். அந்தக் கால விமான எஞ்சினுக்கு இந்த எண்ணெய்தானாம். சூட்டைத் தாங்குமாம், பெற்றோலோடு கரையாதாம். எரிந்த புகையோடு பறக்கிறவரின் முகத்தில் அடித்து வாய்க்குள்ளும் போகுமாம். "இறங்கியவுடன் ஓடுவார்கள்" என்று வயிற்றைப் பிடித்துக் காட்டினாள்.

"பேதிக்குக் குடிச்சுக்கொண்டு பறந்திருக்கிறாங்கள் அக்கா!" என்றாள் றோசலின். சிரிப்பு வந்தது. ஆனால் சிஞ்ஞோரா சொன்னது மெய் என்பதும் வந்து நெஞ்சில் ஏறியது.

எஞ்சினைப் பார்த்தால் தலைகீழாகப் பிடித்த கோழிக்கால்தான். நடுவில் ஒரு பானை, அதில் இருந்து மேல்நோக்கி விரிந்த மூன்று விரல்கள். அந்த விரல்களுக்குள்தான் பெற்றோல் வெடிக்குமாம். காற்றுப் பட்டு ஆறுவதற்காக விரலைச் சுற்றித் தகடு தகடாக வரி வைத்திருக்கிறார். நொன்னோ செய்த முதல் எஞ்சின் சூட்டில் வெடித்துப் போனதாம். இரண்டாவது, தன் ஆட்டத்திலேயே தன்னைக் கட்டியிருந்த மரத்தைப் பிய்த்துக்கொண்டு விழுந்ததாம். மூன்றாவது இது. இதோடுதான் ஒரு தென்னை உயரத்துக்கு எழும்பிப் போய், எஞ்சின் கொதித்துக் களைக்க முன்னம் மணலில் இறங்கினாராம். பக்கத்தில் அந்த விமானத்தின் மாதிரி நிற்கிறது. மரச்சட்டம், சேலைத் துணி போல ஒரு துணி, கீழே சைக்கிள் சில்லு.

நான் மன்னாரில் பிறந்து, போர்க்காலத்தில் வன்னியில் இருந்தவள். எங்களுக்கு விமானச் சத்தம் என்றால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் பாய்வது. அதைக் கண்டுபிடித்தவன் எவனோ அவன் பரம்பரையே விளங்காமற் போகவேண்டும் என்று மண்ணுக்குள் இருந்து திட்டியிருக்கிறேன். பட்டத்துக்குச் சைக்கிள் சில்லுப் பூட்டியது போன்ற இதில் இருந்தா அது வந்தது? இதில் ஏறியவர் யார் தலையிலும் எதையும் போட நினைக்கவில்லை. ஏறவேண்டும், இறங்கவேண்டும், அவ்வளவுதான். என் திட்டில் இருந்து நொன்னோவை மட்டும் விலக்கிவிட்டேன். மற்றவர்கள் அதிலேயே இருக்கட்டும்.

பிறகுதான் வழிகாட்டி எஞ்சினின் பின்பக்கம் கூட்டிப்போனாள். "இது கார்புரேட்டர் கிண்ணம். பெற்றோல் இதற்குள் நின்று, இந்தக் குழாயால் எஞ்சினுக்குப் போகும்."

என் விளக்கு.

குழாய் வாயில் என் திரி எரிந்த கறுப்பு அப்படியே இருந்தது. எத்தனை புளி போட்டும் போகாத கறுப்பு. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அருகில் இருந்த பலகையை வழிகாட்டியிடம் வாசிக்கச் சொன்னேன். இந்தக் கிண்ணம் பல வருடம் அந்தக் குடும்பத்து வீட்டில் மாதாவுக்கு முன் விளக்காக எரிந்தது, வீட்டில் வேலை செய்த ஒரு பெண் அதை ஏற்றினாள், குடும்பத்தின் விருப்பப்படி அந்தக் கறுப்பு துடைக்கப்படவில்லை என்று வாசித்தாள்.

"எங்கே இருந்ததாம்?" என்று கேட்டேன்.

"குளிர்காலச் சப்பாத்துப் பெட்டிக்குள். அம்மா தானே பத்திரமாக வைத்துவிட்டு மறந்துவிட்டார் என்று மகள் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அவளுடைய சிநேகிதி மூலம் சொல்லி அனுப்பினார்களாம். அம்மா கடைசி வரை காத்திருந்தாராம், அவள் வரவில்லையாம். அம்மா இறந்து இரண்டு வருடம்."

நான் றோசலினைப் பார்த்தேன். அவள் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆரடி அந்தச் சிநேகிதி?"

"நான்தான் அக்கா."

"எப்ப சொன்னவை உனக்கு?"

"அந்த வருசத்து மாரிக் குளிருக்கே. மகள்காரி கபோவிலை மறிச்சு, 'மன்னிப்புக் கேட்டனான் எண்டு சொல்லு, அம்மா வரட்டாம் எண்டு சொல்லு' எண்டவ."

"இவ்வளவு காலமும் உன்ரை வாய்க்கு என்ன, பூட்டோ?"

"நான் எல்லாரிட்டையும் கதைச்சுப்போட்டனே அக்கா. பிறகு என்ன முகத்தோடை சொல்லுறது? நாளைக்கு நாளைக்கு எண்டு விட்டிட்டன். வாயாலை சொல்லேலாமத்தான் இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தனான்."

வழிகாட்டிக்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் ஒரு கதிரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். நான் இருந்தேன். கள்ளி என்ற பெயர் போய்விட்டது என்று சந்தோசப்பட வேண்டிய இடம். எனக்கு வந்தது அது இல்லை. அந்த மனுசி நான் கேள்விப்பட்டும் வராமல் விட்டேன் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார். நான் அவர்கள் கேட்ட மன்னிப்புக்குப் பதில் சொல்லாதவளாகிவிட்டேன். இங்கே கத்தானியாவில் சனிக்கிழமை செபமாலையில்கூட அவரைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

றோசலின் அழத் தொடங்கினாள். "அக்கா, அடியுங்கோ, ஏதாவது கதையுங்கோ."

"நான் கதைக்கேல்லை. நீதான் கதைக்கப்போறாய். இண்டைக்கு விருந்து மண்டபத்திலை, மைக்கைப் பிடிச்சு."

"ஐயோ மைக்கிலையோ!"

"அண்டைக்கு முற்றத்திலை மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது தானே."

சொன்னாள். அதை மறைக்க மாட்டேன், சொன்னாள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் முடிந்து, கேக் வெட்ட முன்னம், மருமகன் மைக்கைப் பறிக்கப் பார்க்க, விடாமல் பிடித்துக்கொண்டு முழுதையும் சொன்னாள். கபோவில் மறித்ததையும் சொன்னாள். பிறகு ஒவ்வொருவராக வந்து, "நாங்கள் அப்பவே நம்பேல்லை" என்று என் கையைப் பிடித்தார்கள். யார் யார் அன்று முகத்தைத் திருப்பினார்கள், யார் யார் பையை மடியில் எடுத்து வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஓம் ஓம் என்றேன். இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன். கடைசி பஸ்ஸில் வந்துவிட்டேன். றோசலின் நேற்றும் போன் எடுத்தாள். எடுக்கவில்லை. எடுப்பேன், இப்போது இல்லை.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை. ஞாயிறு காலை போங்கள், மத்தியானத்துக்குப் பிறகு பூட்டிவிடுவார்கள். திங்களில் திறப்பதில்லை. கொட்டகை குளிர், மேலங்கி வேண்டும். வழிகாட்டியிடம் கேட்டால் ஆமணக்கெண்ணெய்ப் போத்தலைத் திறந்து காட்டுவாள், குழந்தைகளுக்கு நல்ல வேடிக்கை. நேரே எஞ்சினின் பின்பக்கம் போய்க் கிண்ணத்தின் வாயைப் பாருங்கள். சிஞ்ஞோராவுக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்கள். தமிழில் சொன்னால் போதும், அவருக்குப் பழக்கம்.

பலகையில் என் பெயர் போடச் சொல்லிக் கேட்டேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அவர்கள் ஆறுதலாகக் கேட்கட்டும். அதுவரை, அங்கே "ஒரு பெண்" என்று எழுதியிருக்கும் இடத்தில் நீங்கள் இப்படி வாசியுங்கள்: மன்னார், திரேசம்மா.