ஒன்பதாவது மரம்

என்னிடம் முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று இருக்கிறது. தேனியில் ஸ்டுடியோவை மூடிய ஒருவரிடம் வாங்கியது. எடை ஒரு கிலோ நூற்று எழுபது கிராம். பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். மகன் விட்டுப்போன டிஜிட்டல் கேமராவில், இடையில் ஓர் அடாப்டர் கொடுத்து மாட்டியிருக்கிறேன். அது தானாக ஃபோகஸ் செய்யாது. லென்ஸில் உள்ள வளையத்தைக் கையால்தான் திருக வேண்டும். எது தெளிவாக விழுகிறதோ அதன் விளிம்பில் கேமராத் திரை சிவப்புப் புள்ளிகளைக் காட்டும். தெருவில் அதற்குப் பீரங்கி என்று பெயர்.

முப்பத்தொரு வருடம் வீடு வீடாக மின்மீட்டர் எண்களைக் குறித்தவன் நான். இப்போதும் எதையாவது எண்ணாவிட்டால் நெஞ்சு படபடக்கிறது. மார்க்கையன்கோட்டையில் எங்கள் மாடியிலிருந்து எதிர்த் தென்னந்தோப்பின் முதல் வரிசைக்கு நூற்றிருபது தப்படி. வரிசைகள் நான்கு. வரிசைக்குப் பதினான்கு மரம்.

அன்று மாலை தோப்பில் அடையும் கிளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டில் நிறுத்தினேன். மட்டைகளுக்கிடையே ஒரு குடம் அளவுக்கு மண் நிறத்தில் ஏதோ இருந்தது. வளையத்தைத் திருகினேன். சிவப்புப் புள்ளிகள் அதன்மேல் கூடின. வரிவரியான கூடு. வாயில் கறுப்பாக எதுவோ போவதும் வருவதுமாக இருந்தது. கதண்டு. குளவியில் பெரிய சாதி. பத்துக் கொட்டு வாங்கினால் ஆள் தேறுவது கஷ்டம். மறுநாள் காலை அங்கே தேங்காய் வெட்டு.

கேமராவை நேர் கீழே இறக்கினேன். கீழே வந்த மரத்தை மேற்கிலிருந்து எண்ணினேன். ஒன்பது. இன்னொரு தடவை எண்ணினேன். ஒன்பதுதான். தேங்காய் வெட்டுகிறவரை ஃபோனில் கூப்பிட்டேன்.

"முன் வரிசை, மேற்கேயிருந்து ஒன்பதாவது மரம். அதில மட்டும் ஏறாதீங்க தம்பி."

"கீழ இருந்து பாத்தா மட்டையும் பன்னாடையும்தான் தெரியும். நல்லா எண்ணுனீகளாய்யா? கணக்குத் தப்புனா எம் பொண்டாட்டிக்கு நீகதான் சோறு போடணும்."

"ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

"பீரங்கில பாத்தீகள்ல, அப்பச் சரிதான்."

இருட்டும் முன்பே அவர் சைக்கிளில் வந்து அந்த மரத்தில் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனார். மாடியிலிருந்து கை காட்டினேன். அவரும் காட்டினார்.

காலையில் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். கூடு தெளிவாக இருந்தது. அதைச் சுற்றியிருந்த கீற்றுகளையும் ஒவ்வொன்றாக எண்ணலாம். அதற்கு நேர் கீழே ஒன்பதாவது மரத்தின் தண்டு. அது கலங்கலாக இருந்தது.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே மரம் என்றால் ஒரே தூரம். உச்சி தெளிவாகவும் தண்டு கலங்கலாகவும் எப்படி விழும்? நீள லென்ஸ் தூரத்தைச் சுருக்கி, பின்னால் இருப்பதை இழுத்து முன்னால் இருப்பதன்மேல் ஒட்டிவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் தண்டைப் பிடித்து எண்ணியிருக்கிறேன். கூடு முன் வரிசையில் இல்லை.

மாடிக்கு ஓடினேன். பத்தொன்பது படி. தோப்பிலிருந்து தேங்காய் விழும் சத்தம் ஒன்று கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. முன் வரிசையில் ஆள் இல்லை. கடைசி வரிசையிலிருந்து வெட்டிக்கொண்டு வருவதுதான் அவர் வழக்கம்போல. முன்னமே அதை எனக்கு யார் சொன்னார்கள்? நான்தான் கேட்டேனா?

லென்ஸை வைத்தேன். முதலில் சிவப்புத் துணிதான் தெளிவாக விழுந்தது. வளையத்தை ஒரு நெல் அகலம் திருகினேன். துணி கரைந்தது. அதற்குப் பின்னால், கடைசி வரிசையில், ஒரு மனிதனின் முதுகு தெளிந்து வந்தது. பாதி மரம் ஏறியிருந்தார். அவர் தலைக்கு மேலே கூடு.

கத்தினேன். வாய்க்காலோரம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஃபோன் அடித்தேன். வேலை நேரத்தில் அது அவர் மனைவியிடம் இருக்கும். கீழே காய் பொறுக்குகிறவர் அவர்தான். ஐந்து தடவை மணி அடித்தது. ஆறு. எடுத்தார்.

"என்னங்கய்யா, காலங்காத்தால?"

"ஆத்தா, அவரை எறங்கச் சொல்லு. கூடு அந்த மரத்துல."

"துணி அங்கன முன்னாடியில்ல கெடக்கு?"

"நான் தப்பா எண்ணிட்டேன். எறங்கச் சொல்லு!"

திரையில் சத்தம் இல்லை. முதுகு இன்னும் மேலே போனது. மட்டைக்குக் கை நீட்டியவர் அப்படியே நின்றார். கீழேயிருந்து மனைவி கத்தியிருக்க வேண்டும். கறுப்பாக இரண்டு புள்ளிகள் திரையின் குறுக்கே போயின. பிறகு நான்கு. அதற்கு மேல் எண்ண முடியவில்லை. அவர் இறங்க ஆரம்பித்தார். அவசரப்படவில்லை, அரிவாளைக்கூட வீசவில்லை. அந்த நிதானத்தைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

கழுத்தில் ஒன்று, தோளில் ஒன்று. சின்னமனூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சாயங்காலம் வரை படுக்க வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தேன். ஒரு கண் மூடுகிற அளவுக்கு முகம் வீங்கியிருந்தது.

"ஒம்பதுன்னு சொன்னீக. ஒம்பதை விட்டுட்டுத்தானய்யா ஏறுனேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அவர் மனைவி சோடாப் பாட்டிலை என் கையில் கொடுத்து, "குடிங்க. ஒங்களுக்குத்தான் ஊசி போடணும்போல" என்றார்.

கிளம்பும்போது கட்டிலிலிருந்து அவர் கூப்பிட்டார். "நாளன்னைக்கு மிச்ச மரத்துல ஏறணும். வேற எதுலயும் கூடு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்கய்யா. ஒங்களை விட்டா யாரு இருக்கா பாக்க?"

அடுத்த நாள் முழுக்க மாடியில் இருந்தேன். ஒவ்வொரு மரத்துக்கும் வளையத்தைத் திருகினேன். காற்றில் மட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மூடிக்கொண்டன. ஒரு கூடும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒன்பதாவது மரத்தில் அந்தச் சிவப்புத் துணி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்கு ஃபோன் வந்தது. அவர்தான். எத்தனை கூடு என்று கேட்கப்போகிறார். மணி அடிப்பதை எண்ணிக்கொண்டு நின்றேன்.