டிகிரி முடித்தவர்கள் வர வேண்டாம்

சென்ற ஆண்டு கோடையில், ஹைதராபாத்தின் வடகோடியில் இருக்கும் போலாரத்தில் நடந்தது இது. பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வில் உதவும் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் நான் தன்னார்வலர். அதன் முகநூல், இன்ஸ்டாகிராம் கணக்குகள் என் பொறுப்பு. கல்லூரியில் சமூகப்பணி படித்தவள் என்பதால், எதை எழுதினாலும் அது யாரையாவது புண்படுத்துமோ என்று நாலு பக்கமும் யோசிப்பது என் வழக்கம்.

ஒரு சனிக்கிழமை மௌலா அலியைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு பி.ஏ. கடைசித் தேர்வு. அவள் சொல்லச் சொல்ல விடைத்தாளில் எழுதித் தர ஓர் ஆள் வேண்டும், ஸ்கிரைப் என்பார்கள். நாங்கள் ஏற்பாடு செய்திருந்த பெண்ணுக்குத் அந்த வாரத் திங்களன்று அம்மை போட்டுவிட்டது. மாற்று ஆள் கிடைக்காவிட்டால் மாணவியின் பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும்.

உடனே ஒரு போஸ்டர் தயாரித்தேன். மறையும் சூரியன், கூப்பிய கைகள், ‘இருளில் ஒரு விளக்காவோம்’ என்ற வரி. கீழே, ‘படித்த இளைஞர்களே, வாருங்கள்!’ மாலைக்குள் லைக்குகள் குவிந்தன. பெருமை தாங்காமல் அவளுக்கு ஃபோன் செய்தேன்.

“அக்கா, என் ஃபோன் அதை ‘படம்’னு மட்டும்தான் வாசிச்சுது. உள்ள என்னா இருக்கு?”

பார்வையற்றோருக்கான அமைப்பின் அறிவிப்பைப் பார்வையற்றவரால் படிக்க முடியவில்லை! சமாளித்துக்கொண்டு வர்ணித்தேன்.

“சூரியன் இருக்கு, கை இருக்கு. என் எக்ஸாம் எங்கக்கா?”

பேச்சை மாற்ற, வந்திருந்த கருத்துகளை அவளுக்கு உரக்க வாசித்தேன். சூரியனையும் கைகளையும் பார்த்த யாரோ ஒருவர் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுதியிருந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் வரிசையாக அதையே எழுதியிருந்தார்கள்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “பேப்பர் குடுக்கறதுக்கு முன்னாடியே என்னை முடிச்சிட்டீங்களா?”

மறுநாள் மாதாப்பூரிலிருந்து அழைப்புகள் வந்தன. மென்பொருள் பொறியாளர்கள், முனைவர் பட்டக்காரர்கள், ஒரு மேலாளர். அவர் தம் குழு முழுவதையும் அழைத்து வருவதாகவும், அதற்கென்றே டி‑ஷர்ட் அச்சடிக்கக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். ஒருவரையும் சேர்க்க முடியவில்லை. எழுதித் தருபவரே விடை சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, அவருடைய படிப்பு தேர்வு எழுதுபவரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. நானோ, யார் வரக் கூடாதோ அவர்களைத்தான் ஆர்வத்துடன் அழைத்திருந்தேன்.

“நான் எம்.டெக். மேடம், இது போதாதா?” என்று ஓர் இளைஞர் கோபித்துக்கொண்டார்.

“போதும் சார். அதுதான் பிரச்சினையே.”

வியாழனன்று அவளே ஒரு பதிவைச் சொல்ல, நான் எழுதினேன். படம் இல்லை. நாள், நேரம், இடம், ஆங்கிலத்தில் தெளிவாக எழுத வேண்டும் என்ற விவரம், கடைசியில் ‘இன்டர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் முடித்தவர் தேவை. டிகிரி முடித்தவர்கள் வர வேண்டாம்.’

“இது கொஞ்சம் முரட்டுத்தனமா இல்ல? மேல படிக்க முடியாமப் போனவங்க மனசு கஷ்டப்படுமே” என்றேன்.

“நக்கோ அக்கா, வேணாம் உங்க யோசனை. சனிக்கிழமை வந்துடும். போடுங்க.”

போட்டேன். லைக் விழவே இல்லை. இரண்டு மணி நேரத்தில் ஓர் அழைப்பு மட்டும் வந்தது.

“என் பையன் உங்க மெசேஜைக் காட்டினான். அவனை வேணாம்னு சொல்லிட்டீங்களாமே, எம்.டெக்.காரன்” என்றார், போலாரத்திலேயே வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்மணி. “நான் கான்வென்ட்ல இன்டர் முடிச்சேன், உடனே கல்யாணம். நெஜமாவே அது போதுமாம்மா? வந்தப்புறம் டிகிரி கேக்க மாட்டீங்களே?”

“கேக்க மாட்டோம் ஆண்ட்டி. இருந்தாதான் திருப்பி அனுப்புவோம்.”

மறுமுனையில் ஒரு சிரிப்பு. “இருபத்தஞ்சு வருஷமா இந்த வீட்ல நான்தான் படிக்காதவ. டேய், கேட்டியாடா?” என்று அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தது எனக்கும் கேட்டது.

சனிக்கிழமை தேர்வு மையத்தின் வாசலில் நானும் அந்த எம்.டெக். மகனும் காத்திருந்தோம். அம்மாவின் கைப்பையும் தண்ணீர் பாட்டிலும் அவர் கையில் இருந்தன. மூன்று மணி நேரம் கழித்து அவளும் ஆண்ட்டியும் வாதாடிக்கொண்டே வெளியே வந்தார்கள்.

“அக்கா, ஆண்ட்டி ஒவ்வொரு வரிக்கும் ‘இங்க கமா வேணுமா’ன்னு கேட்டாங்க!”

“கேக்காமப் போட்டா அது என் பரீட்சை ஆயிடுமேடி” என்றார் அவர், விரல்களைச் சொடுக்கெடுத்தபடி.

அவள் தேறிவிட்டாள். ஆண்ட்டிக்கு இப்போது எங்களிடம் ஏக கிராக்கி. தபாலில் டிகிரி படிக்கலாமே என்று மகன் கேட்டால், “படிச்சா வேலை போயிடும்டா” என்கிறாராம்.

இன்றும் ஒரு பதிவை வெளியிடும் முன் அவளுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டுகிறேன். “யாரைக் கூப்பிடறீங்க அக்கா?” என்று அவள் கேட்கும்போதெல்லாம், ஊரே கைதட்டும்படி எழுதுவதைவிட, வர வேண்டிய அந்த ஒருவர் ‘இது என்னைத்தான்’ என்று எழுந்து வரும்படி எழுதுவது எவ்வளவு கடினம் என்று உணர்ந்து, இன்னொரு முறை அழித்து எழுதுகிறேன்.